பட்டிமன்றத் தலைப்பும் பங்குதாரர் பட்டியலும்

"அரசியலை ஆட்டி வைப்பது ஊடகமா, ஊடகத்தை ஆட்டி வைப்பது அரசியலா?" தீபாவளி காலையில் சன் டிவியில் சாலமன் பாப்பையா முன்னால் வைக்கத் தோதான தலைப்பு. இந்தப் பக்கம் மூன்று பேர், அந்தப் பக்கம் மூன்று பேர், நடுநடுவே ஜவுளிக்கடை விளம்பரம், கடைசியில் "ரெண்டும்தாங்க, ஆனாலும்..." என்று ஒரு தீர்ப்பு. தகவல் தொடர்பியல் பாடப் புத்தகங்களும் கிட்டத்தட்ட இதே பட்டிமன்றத்தைத்தான் நடத்துகின்றன. என்ன, பேச்சாளர்கள் மட்டும் அமெரிக்காக்காரர்கள்!

இந்தக் கேள்விக்குள்ளேயே ஒரு ஓட்டை இருக்கிறது. ஒன்று இன்னொன்றைப் பாதிக்க வேண்டுமானால் முதலில் இரண்டு இருக்க வேண்டும் அல்லவா? கணக்குப் பதிவியலில் முதல் வாரமே சொல்லித் தருவார்கள்: கடை வேறு, முதலாளி வேறு. முதலாளி வீட்டுக்கு எடுத்துப்போன பத்து ரூபாயைக்கூடத் தனியாக எழுத வேண்டும். தமிழ்நாட்டு சேனல்கள் விஷயத்தில் கடை எது, முதலாளி யார், கட்சி எங்கே தொடங்குகிறது என்று எழுத யாராவது உட்கார்ந்தால் பேரேடு முதல் பக்கத்திலேயே நின்றுவிடும்.

முதலில் அந்த வெளிநாட்டுக் கோட்பாடுகள் என்ன சொல்கின்றன என்று பார்த்துவிடலாம்.

ஆரம்பத்தில் வந்தது ஊசிக் கோட்பாடு. செய்தி என்பது ஊசி மருந்து, போட்ட உடனே ரத்தத்தில் ஏறிவிடும் என்பது. முதல் உலகப் போர்ப் பிரச்சாரத்தைப் பார்த்து மிரண்டவர்களின் பயம் அது. 1940ல் பால் லாசர்ஸ்ஃபெல்டு குழுவினர் ஒஹையோ மாநிலத்து ஈரி கவுண்டியில் ஒரே 600 பேரை மாதக்கணக்கில் திரும்பத் திரும்பச் சந்தித்துக் கேட்டார்கள். பத்திரிகையும் ரேடியோவும் மனதை மாற்றியவர்கள் சொற்பம். ஏற்கெனவே இருந்த எண்ணம் கெட்டிப்பட்டதுதான் அதிகம். செய்தி நேராக வீட்டுக்குள் நுழையவில்லை, ஊரில் நாலு விஷயம் தெரிந்த ஆள் வழியாகத்தான் நுழைந்தது. நம்மூர் டீக்கடை பெஞ்சைப் பார்த்தவர்களுக்கு இதற்கு ஆராய்ச்சியே தேவைப்பட்டிருக்காது. அப்புறம் 1968 அதிபர் தேர்தலின்போது மெக்கோம்ப்ஸ், ஷா என்ற இருவர் சாப்பல் ஹில் நகரில் இன்னும் முடிவெடுக்காத 100 வாக்காளர்களிடம் பேசி, 1972ல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். என்ன நினைக்க வேண்டும் என்று ஊடகம் சொல்லிவிட முடியாது, ஆனால் எதைப் பற்றி நினைக்க வேண்டும் என்று தீர்மானிக்கும் என்பது அதன் சாரம். 1988ல் ஹெர்மனும் சோம்ஸ்கியும் ஐந்து வடிகட்டிகளைச் சொன்னார்கள். முதல் வடிகட்டி, ஊடகம் யாருக்குச் சொந்தம் என்பது.

இந்தக் கடைசி ஜோடிதான் கொஞ்சமாவது கிட்டே வருகிறது. ஆனால் அவர்கள் சொல்லும் முதலாளி லாபத்துக்காக அரசாங்கத்தோடு இணக்கமாகப் போகிறவர். கோபாலபுரத்துக்கும் போயஸ் கார்டனுக்கும் அந்த விவரணை பத்தாது. இங்கே முதலாளி அரசாங்கத்தோடு இணக்கமாகப் போகவில்லை. அரசாங்கத்தின் வீட்டில் சாப்பிட்டு வளர்ந்தவர். 2004ல் ஹாலினும் மான்சினியும் கட்சியும் ஊடகமும் எப்படி இணைகோடாகப் போகின்றன என்று 18 நாடுகளை ஒப்பிட்டு ஒரு புத்தகம் எழுதினார்கள். எல்லாம் மேற்கு ஐரோப்பாவும் வட அமெரிக்காவும்தான். இத்தாலி இருக்கிறது. அங்கே பெர்லுஸ்கோனி டிவி முதலாளியாக இருந்து அரசியலுக்கு வந்தார். இங்கே நடந்தது தலைகீழ், அரசியல் டிவிக்குள் போனது. இந்த வித்தியாசத்தைச் சொல்ல அந்தப் புத்தகத்தில் இடமில்லை.

சரி, ஊசி வேலை செய்கிறதா இல்லையா என்று உள்ளூர்க் கணக்கிலேயே பார்க்கலாம். சன் டிவி 1993 ஏப்ரல் 14ல் தொடங்கியது. அதற்குப் பிறகு 2021 வரை நடந்த சட்டமன்றத் தேர்தல்கள் ஆறு. 1996ல் தி.மு.க.-த.மா.கா. அணிக்கு 221 இடம், அமோக வெற்றி. "பார்த்தீர்களா, சுதாகரன் கல்யாணத்தை சன் டிவி காட்டியது, ரஜினி சன் டிவியில் பேசினார், ஆட்சி போச்சு" என்று இன்றைக்கும் சொல்பவர்கள் உண்டு. சரி. 2001ல் அதே சன் டிவி இன்னும் பலமாக, இன்னும் பல ஊர்களில் இருந்தது. அ.தி.மு.க. அணி 196 இடம் வாங்கியது! 2006ல் தி.மு.க. அணி வெற்றி. 2011ல் சன் டிவியோடு கலைஞர் டிவியும் சேர்ந்து இரட்டைக் குழல் துப்பாக்கியாக நின்றது, தி.மு.க.வுக்குக் கிடைத்தது 23 இடம், எதிர்க்கட்சி அந்தஸ்துகூட தே.மு.தி.க.வுக்குப் போனது. 2016ல் தோல்வி, 2021ல் வெற்றி. ஆறுக்கு மூன்று. காசைச் சுண்டிப் போட்டாலும் இதே விடைதான் வரும்.

2011 கணக்கில் இன்னொரு வேடிக்கை உண்டு. 2006 தேர்தல் அறிக்கையில் இலவச கலர் டிவி என்று சொல்லி, ஐந்து வருடத்தில் ஒன்றரைக் கோடிக்கும் மேல் வீடுகளுக்குக் கொடுத்தது தி.மு.க. அரசு. ஊசிக் கோட்பாடு உண்மையானால், வரலாற்றிலேயே ஒரு கட்சி தன் சிரிஞ்சைத் தானே வீடு வீடாகக் கொண்டுபோய்ச் சேர்த்த ஒரே சம்பவம் இதுதான். வாங்கியவர்கள் அதில் 'கோலங்கள்' பார்த்தார்கள். ஓட்டை வேறு இடத்தில் போட்டார்கள்.

தமிழ்நாட்டுப் பார்வையாளர் ஏமாளி இல்லை. 2001 ஜூன் 30 அதிகாலையில் கருணாநிதி கைது செய்யப்பட்ட காட்சியை சன் டிவி திரும்பத் திரும்பப் போட்டபோது, ஜனங்கள் ரிமோட்டை அழுத்தி ஜெயா டிவிக்குப் போய், அவர்கள் என்ன காட்டுகிறார்கள் என்றும் பார்த்தார்கள். இரண்டையும் கூட்டி இரண்டால் வகுத்துக்கொண்டார்கள். எந்தச் சேனல் செய்திக்கு எத்தனை சதவீதம் தள்ளுபடி என்பது இங்கே ஸ்கூல் பையனுக்கும் தெரியும்.

"அப்படியானால் எந்தப் பாதிப்பும் இல்லையே, இருந்துவிட்டுப் போகட்டுமே" என்பது அடுத்த பேச்சாளரின் வாதம். மணியடிக்க வேண்டிய இடம் இதுதான். சேனல் ஓட்டு வாங்கித் தரவில்லை என்றால், ஒவ்வொரு கட்சியும் ஏன் வரிசையாக சேனல் ஆரம்பித்தது? 1999ல் ஜெயா டிவி, 2006ல் பா.ம.க.வின் மக்கள் டிவி, 2007ல் கலைஞர் டிவி, 2010ல் தே.மு.தி.க.வின் கேப்டன் டிவி. இத்தனை பேரும் லாசர்ஸ்ஃபெல்டு படிக்காத முட்டாள்களா?

இல்லை. அவர்கள் பார்த்தது திரையை அல்ல, கம்பியை.

டிஜிட்டல் பாக்ஸ் வருவதற்கு முந்திய கேபிள் காலத்தை நினைத்துப் பார்க்க வேண்டும். தெருவில் கேபிள்காரர், அவருக்கு மேலே சிக்னல் கொடுக்கும் பெரிய நிறுவனம். சென்னையிலும் மற்றப் பெரிய ஊர்களிலும் அந்தப் பெரிய நிறுவனம் சன் குழுமத்தின் சுமங்கலி கேபிள் விஷன். பழைய டிவிப் பெட்டியில் முன்வரிசை சேனல்கள் பளிச்சென்று தெரியும், பின்வரிசைக்குப் போகப் போகப் புள்ளியடிக்கும். போட்டிச் சேனல் ஒன்றை ஒழிக்க சென்சார், தடை உத்தரவு எதுவும் வேண்டாம். புள்ளியடிக்கும் வரிசைக்குத் தள்ளினால் போதும். விளம்பரக் கம்பெனிக்காரர் தானாகவே விலகிவிடுவார். நிகழ்ச்சி தயாரிப்பது, ஒளிபரப்புவது, வீட்டுக்குக் கொண்டுசேர்ப்பது மூன்றும் ஒரே கையில். பக்கத்திலேயே பத்திரிகை வேறு: 2005ல் தினகரனை வாங்கி, விலையை ஒரு ரூபாய்க்கு இறக்கினார்கள். 2006 ஏப்ரலில் சன் டிவி பங்குச் சந்தைக்கு வந்து சுமார் 600 கோடி ரூபாய் திரட்டியது. மே 8ல் தேர்தல். அந்தப் பிரச்சாரத்தின் நட்சத்திர வாக்குறுதி இலவச டிவி. டிவி இலவசம், கேபிள் இணைப்பு? அது இலவசம் இல்லை!

இதன் எதிர்ப்பக்கம் யோக்கியமா என்றால் அதுவும் இல்லை. 2006 ஜனவரியில் ஜெயலலிதா அரசு கேபிள் நிறுவனங்களை அரசுடைமையாக்க ஒரு மசோதா நிறைவேற்றியது. குறி யார் என்பதில் யாருக்கும் சந்தேகம் இருக்கவில்லை. தி.மு.க. கொதித்தது, பத்திரிகை சுதந்திரம் போச்சு என்றது. ஆளுநர் பர்னாலா மசோதாவை ஜனாதிபதிக்கு அனுப்பிவிட, தேர்தல் வந்து ஆட்சியே மாறிவிட்டது. இதுவரை வழக்கமான கதைதான். அடுத்த வருடத்தைப் பாருங்கள். 2007 அக்டோபரில் அரசு கேபிள் டிவி கார்ப்பரேஷன் உருவானது. உருவாக்கியவர் யார்? அதே தி.மு.க. அரசு! ஒன்றரை வருடத்துக்கு முன்பு ஜனநாயகப் படுகொலையாக இருந்தது, இப்போது மக்கள் நலத் திட்டம்.

நடுவில் என்ன நடந்தது? கொள்கை மாறவில்லை, கோட்பாடு மாறவில்லை. குடும்பத்தில் சண்டை வந்தது.

2007 மே 9. கருணாநிதியின் அரசியல் வாரிசு யார் என்று தினகரன் ஒரு கருத்துக்கணிப்பு வெளியிட்டது. ஸ்டாலினுக்கு 70 சதவீதம், அழகிரிக்கு 2. அன்று மதுரையில் தினகரன் அலுவலகம் தாக்கப்பட்டது, பெட்ரோல் குண்டு வீசப்பட்டது. உள்ளே வேலையில் இருந்த ஊழியர்கள் மூன்று பேர் செத்துப்போனார்கள். அவர்கள் கருத்துக்கணிப்பு நடத்தியவர்கள் இல்லை. வாரிசுச் சண்டையில் அவர்களுக்கு ஒரு பங்கும் இல்லை. மாதச் சம்பளத்துக்கு வேலைக்கு வந்தவர்கள். நாலு நாளில் தயாநிதி மாறன் மத்திய அமைச்சர் பதவியை விட்டார். கட்சித் தலைமையகமான அண்ணா அறிவாலயத்திலேயே இயங்கிவந்த சன் டிவி இடத்தைக் காலி செய்தது. செப்டம்பர் 15, அண்ணா பிறந்தநாளில் கலைஞர் டிவி தொடங்கியது. அதன் விலாசம் அண்ணா அறிவாலயம்.

அடுத்த ஒன்றரை வருடம் சன் செய்திகளைப் பார்த்தவர்களுக்கு ஞாபகம் இருக்கும். தமிழ்நாட்டில் இப்படியெல்லாம் குறைகள் இருக்கின்றனவா என்று ஆச்சரியமாக இருக்கும். 2008 டிசம்பரில் குடும்பம் மறுபடி ஒன்று சேர்ந்தது. "இதயம் இனித்தது, கண்கள் பனித்தன" என்றார் கருணாநிதி. குறைகள் செய்தியிலிருந்து காணாமல் போயின. அரசு கேபிளும் படுத்துவிட்டது. மக்கள் வரிப்பணத்தில் வாங்கிய கருவிகள், நியமித்த அதிகாரிகள், திறந்த கட்டுப்பாட்டு அறைகள் எல்லாம் ஒரு குடும்ப ராஜியோடு தூக்கத்துக்குப் போயின. எந்தக் கோட்பாடு இதை விளக்கும்? எதைப் பற்றி நினைக்க வேண்டும் என்பதை ஊடகம் தீர்மானித்ததா, அரசியல் தீர்மானித்ததா? ஒரு வீட்டுச் சாப்பாட்டு மேஜை தீர்மானித்தது.

செத்துப்போன மூன்று பேரின் வீடுகளில் எந்த இதயமும் இனிக்கவில்லை. 2009 டிசம்பரில் விசாரணை நீதிமன்றம் குற்றம் சாட்டப்பட்ட 17 பேரையும் விடுதலை செய்தது. இறந்தவர்களில் ஒருவரின் தாய் விடாமல் உயர்நீதிமன்றம் போனார். 2019 மார்ச்சில்தான், அதாவது கிட்டத்தட்ட 12 வருடம் கழித்து, மதுரைக் கிளை அந்தத் தீர்ப்பை மாற்றி 9 பேருக்கு ஆயுள் தண்டனை கொடுத்தது.

2011ல் ஜெயலலிதா வந்ததும் படுத்திருந்த அரசு கேபிளை எழுப்பினார். மாதம் 70 ரூபாய். ஏழைகளுக்கு நல்ல விலைதான், மறுப்பதற்கில்லை. ஆனால் செப்டம்பர் 2ல் அது தொடங்கியபோது சன் டிவி அதில் இல்லை. சுமங்கலி கையில் இருந்த சுவிட்ச் அரசாங்கத்தின் கைக்கு வந்தது, அவ்வளவுதான். 2018ல் ஒரு செய்திச் சேனல் கோவையில் நடத்திய விவாதத்துக்காக அதன் மீது வழக்குப் போடப்பட்டது. அதை ஒட்டி அரசு கேபிளில் அந்தச் சேனல் பின்வரிசைக்குத் தள்ளப்பட்டது என்று புகார் எழுந்தது. பாக்ஸ் டிஜிட்டல் ஆனாலும் வித்தை பழையதே.

இது டிராய்க்குத் தெரியாதா? தெரியும். அரசியல் அமைப்புகளும் மாநில அரசுகளும் ஒளிபரப்பிலோ கேபிள் விநியோகத்திலோ இருக்கக் கூடாது என்று 2008ல் பரிந்துரை செய்தார்கள். 2012ல் மறுபடி சொன்னார்கள். 2014ல் ஊடக உடைமை பற்றித் தனியாக ஒரு பரிந்துரை. எதுவும் சட்டமாகவில்லை. 2017ல் அரசு கேபிளுக்கு டிஜிட்டல் உரிமம் கிடைத்துவிட்டது. டெல்லியில் எந்தக் கட்சி ஆண்டாலும் அவரவர்க்கு ஒரு மாநிலத்தில் ஒரு சேனல் கூட்டாளி தேவைப்படுகிறார், அதனால் ஃபைல் நகர்வதில்லை என்று நினைப்பதில் தப்பிருக்கிறதா? தனியார் எஃப்.எம். ரேடியோவுக்கு மட்டும் அரசியல் அமைப்போடு தொடர்புள்ள கம்பெனி உரிமம் வாங்கக் கூடாது என்று விதி இருக்கிறது. அங்கே செய்தியே சொந்தமாக வாசிக்க முடியாது! பாட்டுப் போடும் கடைக்குப் பூட்டு, செய்தி விற்கும் கடைக்குக் கதவே இல்லை. தேர்தல் நேரத்தில் டிவியில் 30 நொடி கட்சி விளம்பரம் போடவே முன்அனுமதி வாங்க வேண்டும் என்பது 2004 உச்சநீதிமன்ற உத்தரவு. 24 மணி நேர விளம்பரத்துக்கு எந்த அனுமதியும் வேண்டாம், அதற்குச் செய்தி என்று பெயர் வைத்துவிட்டால்.

சரி, நாளைக்கே டிராய் சொன்னபடி சட்டம் வருகிறது என்று வைத்துக்கொள்வோம். பலிக்குமா? காமர்ஸ் படிக்கிற யாரும் இந்த இடத்தில் சிரித்துவிடுவார்கள். பங்குதாரர் பட்டியலைத் திறந்தால் எந்தக் கட்சியின் பெயரும் இருக்காது. சன் டிவி பட்டியலிடப்பட்ட பொதுக் கம்பெனி. கலைஞர் டிவியில் 60 சதவீதம் தயாளு அம்மாள், 20 சதவீதம் கனிமொழி, மீதி 20 நிர்வாக இயக்குநர் சரத்குமார் (நடிகர் அல்ல) என்பது 2ஜி வழக்கின்போது ஊரறிந்தது. அந்த வழக்கில் 2017 டிசம்பரில் எல்லோரும் விடுதலை ஆனார்கள். இங்கே விஷயம் வழக்கு இல்லை, பட்டியல். அதில் தி.மு.க. என்ற எழுத்தே கிடையாது. ஜெயா டிவி இன்னும் சுவாரசியம். கட்சித் தொண்டர் அதைக் கட்சி சேனல் என்றே நினைத்திருந்தார். ஜெயலலிதா 2016ல் இறந்து, கட்சி பிரிந்தபோதுதான் தெரிந்தது, அது மாவிஸ் சாட்காம் என்ற கம்பெனியின் சொத்து, கம்பெனி சசிகலா குடும்பத்தின் கையில். ஆட்சியில் இருந்த கட்சிக்கு டிவி இல்லாமல் போய், 2018ல் நியூஸ் ஜெ என்று புதிதாக ஒன்று தொடங்க வேண்டியதாயிற்று.

கம்பெனிச் சட்டத்தில் இதற்கு ஒரு மருந்து இருப்பதுபோலத் தெரியும். 2013 சட்டத்தின் 188வது பிரிவு: உறவுத் தரப்போடு வியாபாரம் செய்தால் கணக்கில் காட்ட வேண்டும். இயக்குநர் தன் தம்பி கம்பெனியிலிருந்து நாற்காலி வாங்கினால்கூட எழுத வேண்டும். செய்தியையும் அப்படி ஒரு வியாபாரமாகப் பாவித்து, உறவைக் காட்டச் சொன்னால் என்ன? நல்ல யோசனைதான். ஆனால் 'உறவினர்' யார் என்று அந்தச் சட்டத்தின் விதிகளில் ஒரு பட்டியல் இருக்கிறது. கணவன் மனைவி, அப்பா, அம்மா, மகன், மருமகள், மகள், மருமகன், அண்ணன் தம்பி, அக்கா தங்கை, அத்தோடு சரி. முரசொலி மாறன் கருணாநிதிக்கு என்ன வேண்டும்? அக்கா மகன். தமிழில் அதற்கும் மருமகன் என்றுதான் பெயர், சட்டத்துக்கு அந்த மருமகனைத் தெரியாது. அவர் பிள்ளைகள் தமிழில் பேரன்கள், சட்டத்தில் மூன்றாம் மனிதர்கள். தோழி என்ற உறவோ, எந்தச் சட்டத்திலும் இல்லை.

ஆக, தடை என்று சட்டம் போட்டால் பினாமி வருவார், உறவைக் காட்டு என்றால் பட்டியலில் அந்த உறவே இல்லை. அதனால் கேட்க வேண்டியது வேறு. சேனல் உரிமத்துக்கான விண்ணப்பத்தில், நம்மூர் கல்யாணப் பத்திரிகையில் போடுகிற அத்தனை உறவுமுறைக்கும் இடம் விட வேண்டும். அமைச்சராகவோ, எம்.பி., எம்.எல்.ஏ.வாகவோ, கட்சிப் பொறுப்பிலோ இருக்கும் யாருக்கு இந்தச் சேனலின் முதலாளி என்ன வேண்டும், தோழியா, மச்சானா, பேரனா? கேபிள் கம்பெனிக்கும் அதே கேள்வி. பதிலை ஃபைலில் பூட்டி வைக்காமல் திரையில் போட வேண்டும். 2012லிருந்து யாராவது சிகரெட் பிடிக்கும் காட்சி வந்தால் கீழே ஒரு எச்சரிக்கை வரி ஓடுகிறது, படம் பார்ப்பவர் அதனால் செத்துவிடவில்லை. செய்தி வாசிக்கும்போதும் அதே இடத்தில் ஒரு வரி: "இந்தச் சேனலின் உரிமையாளர் இன்னாரின் அக்கா பேரன்."

இப்போது எல்லாம் யூடியூபுக்குப் போய்விட்டது, சேனலையெல்லாம் யார் பார்க்கிறார்கள் என்று கேட்பவர்களுக்கு ஒரு வார்த்தை. சேனலுக்காவது கம்பெனிப் பதிவாளரிடம் ஒரு பங்குதாரர் பட்டியல் இருக்கிறது, கட்டணம் கட்டினால் யார் வேண்டுமானாலும் எடுத்துப் பார்க்கலாம். மைக்கும் ஒரு செல்போனும் வைத்துக்கொண்டு தினம் மூன்று அரசியல் வீடியோ போடுகிறவருக்கு யார் சம்பளம் கொடுக்கிறார்கள் என்று பார்க்க எந்தப் பதிவாளரும் இல்லை.